வீட்டுக்கு மூன்றடி

நம் தெருப் பிள்ளைகளின் குரூப்பில் போன வாரம் யாரோ அந்தப் படத்தைப் போட்டிருந்தீர்கள். கையில் மண்வெட்டியும் கடப்பாரையுமாக நம் அப்பன்மார் வரிசையாக நிற்கிற கறுப்பு வெள்ளைப் படம். நடுவில் மாலையோடு நிற்பவர் என் அய்யா. அதற்குக் கீழே ஆளாளுக்குக் கும்பிடு போட்டிருக்கிறீர்கள். ஒற்றுமை என்றால் அந்தக் காலத்து ஒற்றுமைதான் என்று ஒருவர். அப்படிப்பட்ட பெரியவர்கள் இனிப் பிறப்பார்களா என்று இன்னொருவர். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் கோபம் தாங்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம் எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. இன்னும் யாருக்குப் பயந்து இந்தப் பொய்யைக் கட்டிக் காக்கிறோம்? அந்தக் கோடையில் என்ன நடந்தது என்று நான் எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் படிக்க வேண்டாம்.

முதலில் தெருவைச் சொல்கிறேன். உங்கள் பேரன் பேத்திகள் யாராவது இதைப் படித்தால் புரிய வேண்டுமே. மில்லுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் இரண்டு வரிசை வீடுகள். ஓட்டு வீடு பாதி, தகர வீடு பாதி. நடுவில் ஓடிய சந்துக்குப் பெயர்தான் தெரு. எதிரும் புதிருமாக இரண்டு பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு வந்தால் ஒருத்தி யார் வீட்டு வாசலிலாவது ஏறி நிற்க வேண்டும். மழைக்காலத்தில் வாய்க்கால் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். வடிந்த பிறகு ஒரு வாரத்துக்குச் சோற்றிலும் அந்தச் சேற்று வாடை அடிக்கும். மில்லில் இருந்து பறந்து வரும் பஞ்சுத் தூசி கொடியில் காயும் துணியில் ஒட்டிக்கொள்ளும். தெருக்கோடியில் ஒரே ஒரு குழாய். அதுவும் காலையில் மில் சங்கு ஊதும்போது வந்து, பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் நின்றுவிடும்.

அந்தக் கோடைக்கு முந்தின ஐப்பசியில் கடைசி வீட்டு அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்தது. ஆஸ்பத்திரி வண்டி உள்ளே வர முடியவில்லை. கட்டிலோடு தூக்கினார்கள். சந்து முனையில் கட்டில் திரும்பவில்லை. சாய்த்துத் திருப்பியபோது அக்கா போட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. குழந்தை தங்கவில்லை. ஆகவே தெரு அகலமாக வேண்டும் என்று நினைத்தது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய மறுவாரம் ஜீப்பில் ஒரு ஆபீசர் வந்தார். எந்த ஆபீஸ் என்று நமக்குத் தெரியாது. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. காளியம்மன் கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். அப்போது எனக்குப் பதினோரு வயசு. கூட்டத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"உங்க தெருவ நாங்க வந்து மாத்த மாட்டோம். நீங்கதான் மாத்தணும்" என்றார் அவர். சாக்கடைத் தண்ணீர் ஓட வாறுகால் கட்ட சிமெண்டும் கல்லும் தருவார்களாம். இரண்டு புதுக் குழாய், நாலு விளக்குக் கம்பம், பொதுக் கக்கூஸ் எல்லாம் வருமாம். பதிலுக்கு நாம் உடம்பு உழைப்பைத் தர வேண்டும். வீட்டுக்கு மூன்றடி முன்வாசலை இடித்துத் தெருவுக்கு விட வேண்டும். அதற்கு ஒரு கமிட்டி வேண்டும், கமிட்டிக்கு ஒரு தலைவர் வேண்டும்.

என் அய்யாவைத் தலைவராகப் போட்டார்கள். ஏழாவது வரை படித்தவர், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதுதான் காரணம். ஆபீசர் எழுந்து அவர் கையைப் பிடித்து, "வாங்க தலைவரே" என்றார். மில்லில் நூல் பிரிவில் இருபது வருஷம் வேலை பார்த்தவரை அதுவரை மேஸ்திரி முதல் வாட்ச்மேன் வரை யாரும் மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல் அய்யாவின் முதுகை நிமிர்த்தியதை நான் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. "சார், ஒரு சந்தேகம்."

தேய்ப்பு அத்தை. உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, அல்லது மறந்த மாதிரி இருக்கிறீர்களா? நம் தெருவில் நடு வீடு. புருஷன் இல்லை. என் வயசில் ஒரு மகள். வீட்டு முன்னால் தகரத் தாழ்வாரம் இறக்கி, அதன் கீழே ஒரு மேசை போட்டு, கரிப்பெட்டியால் துணி தேய்த்துக் கொடுத்துப் பிழைத்தவள். காலையில் பள்ளிக்கூடம் போகும்போது அந்த இடத்தைத் தாண்டினால் கொட்டாங்கச்சிக் கரி வாடையும், சூடான துணியில் தண்ணீர் தெளித்த வாடையும் சேர்ந்து வரும். நம் தெருவிலேயே சேற்று வாடை இல்லாத இடம் அது ஒன்றுதான்.

"நாங்க எடத்த விட்டுத் தாரோம். தெருவும் போட்டுத் தாரோம். மிச்சம் இருக்கிற வீட்டுக்குப் பட்டா குடுப்பீகளா சார்? எழுத்துல குடுங்க. பெறகு இடிக்கிறோம்" என்றாள்.

ஆபீசர் சிரித்தார். "முதல்ல வேலை நடக்கட்டும்மா. பட்டா எல்லாம் பின்னாலயே வரும்."

"நான் முன்னாடி இருந்த எடத்துலயும் இப்படித்தான் சொன்னாக. சுத்தம் பண்ணிக் குடுத்தோம். ஆறு மாசத்துல எங்கள அங்கிட்டு இருந்து கெளப்பி விட்டாக."

அய்யா எழுந்தார். "ஏம்மா, நல்லது நடக்குற எடத்துல அபசகுனமாப் பேசாத. உக்காரு."

சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். என் அம்மாவும் குனிந்திருந்தாள். கூச்சத்தால் என்று நான் அப்போது நினைத்தேன்.

அத்தை உட்காரவில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் நாடா பிடித்து அளந்தார்கள். இரண்டு பக்கமும் வெள்ளையாகச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே போனார்கள். நாமெல்லாம் பின்னாலேயே ஓடினோம். கோடு எங்கள் வீட்டு அம்மியைத் தாண்டி, கதவுக்கு ஒரு முழம் முன்னால் போய் விழுந்தது. தேய்ப்பு அத்தையின் மேசை முழுவதும் கோட்டுக்கு வெளியே, தெருப் பக்கம் இருந்தது.

வேலை தொடங்கியது. நான் பொய் சொல்ல மாட்டேன், அந்த நாட்கள் எனக்கு இனித்தன. ஷிப்ட் முடித்து வந்தவர்கள் பஞ்சுத் தலையோடு அப்படியே மண்வெட்டியை எடுத்தார்கள். பெண்கள் மண்ணைச் சட்டியில் சுமந்து வாய்க்கால் கரையில் கொட்டினார்கள். ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போட்டார்கள். நாம் வரிசையாக நின்று செங்கல் கை மாற்றினோம். மோர் குடித்தோம், வெயிலில் முதுகுத் தோல் உரிந்தது. ஒவ்வொரு வீட்டு முன்வாசல் இடிந்து விழும்போதும் விசில் அடித்தோம். எங்கள் வாசல் இடிந்தபோது அம்மா மட்டும் உள்ளே போய்விட்டாள். அவளுடைய அம்மியைத் தூக்கி வைக்க வீட்டுக்குள் இடம் இல்லை. அதை வாறுகாலுக்கு மேல் பாலமாகக் கவிழ்த்துப் போட்டுவிட்டார் அய்யா. அதன் மேல் மிதித்து நடந்தோம். அதற்குப் பிறகு பல மாதம் அம்மா பக்கத்து வீட்டு அம்மியில் கேட்டுக் கேட்டு அரைத்தாள்.

பத்து நாளில் எல்லா வீடும் பின்வாங்கிவிட்டது. ஒரே ஒரு தாழ்வாரம் மட்டும் நடுத்தெருவில் நீட்டிக்கொண்டு நின்றது.

கமிட்டி கூடியது. தேய்ப்பு அத்தையிடம் இனி யாரும் துணி கொடுக்கக் கூடாது. குழாயில் எல்லாரும் பிடித்து முடித்த பிறகுதான் அவள் பிடிக்க வேண்டும். இதுதான் தீர்மானம். என் அய்யா நல்ல கையெழுத்தில் நோட்டில் எழுதினார்.

அந்தக் குழாயில் நடந்தது நம் வேலை. பெரியவர்கள் நேருக்கு நேர் செய்யக் கூசியதைப் பிள்ளைகளிடம் விட்டார்கள். அவள் விடிவதற்கு முன்னமே வந்து குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போவாள். நாம் அதைத் தூக்கிக் கடைசியில் வைப்போம். இரண்டு நாள் நீங்கள் வைத்தீர்கள். மூன்றாம் நாள் நான் வைத்தேன். திரும்பியபோது அவள் மகள் நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு அடுத்து உட்கார்கிறவள். நான் அழிரப்பரை இரண்டாக வெட்டி அவளுக்குப் பாதி கொடுத்திருக்கிறேன்.

"நீயுமாடி?" என்றாள்.

"ஒங்கம்மா எடம் விட்டா நான் ஏன் எடுக்கப் போறேன்?" என்றேன். அய்யாவின் குரல் அப்படியே என் வாயில் வந்தது. கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது நான் வேறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டேன்.

பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார் என்று சொல்லிவிட்டுப் போனது அந்த ஜீப். மறுநாளே, ஞாயிற்றுக்கிழமை காலை, அய்யாவும் ஏழெட்டு ஆண்களும் கடப்பாரையோடு போனார்கள். நாமெல்லாம் பின்னால் நின்றோம். அத்தை தேய்த்துக்கொண்டிருந்தாள். துணி வேறு தெருவில் இருந்து வாங்கி வந்தது. ஒரு பள்ளிக்கூடச் சிறுமியின் நீலப் பாவாடை. அதன் மடிப்பு ஒவ்வொன்றாக அவள் பெட்டிக்குக் கீழே படிந்துகொண்டிருந்தது.

"எடுத்துரும்மா" என்றார் அய்யா. "ஊரே குடுத்துருச்சு. நீ ஒருத்தி மட்டும் மறிச்சா எப்படி?"

"ஊரு குடுத்தது வாசல அண்ணே. எங்கிட்ட நீங்க கேக்குறது சோத்த." அவள் நிமிரவில்லை. "ஒரு மேசை போட வேற எடம் காட்டுங்க. இந்தா இப்பவே நானே பிரிக்கிறேன்."

"அதெல்லாம் பிளான்ல இல்ல."

"அப்ப நானும் பிளான்ல இல்லையாக்கும்."

இப்போது நிமிர்ந்தாள், ஆனால் அவர்களைப் பார்க்கவில்லை. அவர்களைத் தாண்டித் தெருவின் இரண்டு பக்கமும் கதவுகளைப் பார்த்தாள். ஒவ்வொரு கதவாகப் பார்த்தாள். யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி. கதவு ஒன்றும் திறக்கவில்லை. எதற்கு அப்படிப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

முன் கம்பத்தில் கடப்பாரை விழுந்தது. தகரம் சரிந்தது. மேசையின் கால் ஒடிந்து, மேலே இருந்த கரிப்பெட்டி தரையில் விழுந்து மூடி திறந்துகொண்டது. நெருப்புக் கங்குகள் தெரு முழுக்கச் சிதறின. அம்மாவைப் பிடிக்க மகள் வெறுங்காலோடு ஓடி வந்தாள். அலறல் கேட்டது. யாரோ தண்ணீரை ஊற்றினார்கள். புகையும் சாம்பலும் எழுந்தன. நீலப் பாவாடை சேற்றில் கிடந்தது.

ஆண்கள் ஒரு நிமிஷம் நின்றார்கள். அவ்வளவுதான். பிறகு அய்யா, "சரி சரி, தகரத்த ஓரமா அடுக்குங்கப்பா" என்றார். அடுக்கினார்கள். எவ்வளவு ஒழுங்காக அடுக்கினார்கள் தெரியுமா!

என் அம்மா அப்போதுதான் வெளியே வந்தாள். அந்தப் பிள்ளையின் வெந்த காலில் தடவ ஒரு கிண்ணத்தில் தோசை மாவு கொண்டு வந்தாள். அத்தை அதை வாங்கவில்லை. "வேணாம் மதினி. கதவச் சாத்திக்கிட்டே இருங்க" என்றாள்.

மூன்று நாளில் அவளும் மகளும் உசிலம்பட்டியில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்கு மறுநாள்தான் பெரிய அதிகாரி வந்தார், மாலை போட்டார், படம் எடுத்தார்கள். கங்கு விழுந்து கருகின இடத்தின் மேல்தான் எல்லாரும் நிற்கிறார்கள். அந்தப் படத்துக்குத்தான் நீங்கள் கும்பிடு போட்டீர்கள்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். குழாய் ஒன்று வந்தது, இரண்டாவது வரவில்லை. விளக்குக் கம்பம் நட்டார்கள். ஒரு மழைக்காலம் தண்ணீர் வீட்டுக்குள் வரவில்லை. இரண்டாம் வருஷம் நம் தெருவுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தை யாரோ பெரிய கை வாங்கினார்கள். அங்கே போக வழி வேண்டுமே? நாம் நம் கையால் வெட்டிக் கொடுத்த வழி தயாராக இருந்தது. முதல் லாரி உள்ளே வந்த அன்று வாறுகால் கல் நொறுங்கியது, அம்மாவின் அம்மியும் உடைந்தது. மூன்றாம் வருஷம் நோட்டீஸ் வந்தது. வாய்க்கால் புறம்போக்கில் ஆக்கிரமிப்பு, காலி செய்ய வேண்டும் என்று.

அய்யா ஆபீஸ் ஆபீசாக அலைந்தார். ஒரு இடத்தில் அவருக்கு ஒரு பேப்பரைக் காட்டினார்கள். தெருவை அகலப்படுத்தியபோது போட்ட பேப்பர். இந்த இடம் அரசாங்கத்துக்குச் சொந்தம், எங்களுக்கு இதில் பாத்தியதை இல்லை, கேட்கும்போது விட்டுத் தருகிறோம் என்று அதில் இருந்ததாம். கீழே கமிட்டித் தலைவர் கையெழுத்து. இங்கிலீஷில் அடித்த பேப்பர். ஆபீசர் நீட்டியபோது சிமெண்ட் மூட்டை வாங்கிக்கொண்டதற்கு ரசீது என்று நினைத்துப் போட்டாராம். நல்ல கையெழுத்து என்று சொன்னேனே, அந்தக் கையெழுத்து.

நாகமலை புதுக்கோட்டைக்கு அப்பால் பொட்டல் வெளியில் கல் நட்டு இடம் காட்டினார்கள். பாதிப் பேர் போனோம். மீதிப் பேர் எங்கெங்கோ சிதறினீர்கள். அங்கிருந்து அய்யா இரண்டு பஸ் மாறி மில்லுக்குப் போனார். தப்பு செய்துவிட்டோம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அத்தையின் பேச்சை எடுத்தால், "அவ ஒருத்திக்காகத் தெருவே காத்துக்கிட்டுக் கெடக்க முடியுமா?" என்பார். எல்லாம் போன பிறகும் அதையே சொன்னார்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்தது. முதல் வருஷமே ஒரு பெண் தன் பிள்ளையைச் சேர்க்க வந்தாள். ஃபாரத்தில் தாயின் பெயரை எழுதியபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். தேய்ப்பு அத்தையின் மகள். அவள் என்னை முன்னமே அடையாளம் கண்டுகொண்டிருந்தாள்.

"அம்மா எப்படி இருக்காக?" என்று கேட்டேன்.

"போய்ச் சேந்து மூணு வருசமாச்சு டீச்சர்."

டீச்சர் என்றாள். என் பெயர் அவளுக்குத் தெரியும். நான் தட்டுத் தடுமாறி, குழாயில் குடத்தை மாற்றி வைத்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"அத விடுங்க. நீங்க சின்னப் புள்ள. எங்கம்மா சாகுற வரைக்கும் ஒங்களப் பத்தியும் பேசல, ஒங்கய்யாவப் பத்தியும் பேசல. ஒங்கம்மா வாரேன்னு சொன்னாக, வரல. அதத்தான் சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

"எங்கம்மா எங்க வாரேன்னு சொன்னாக?"

"ஒங்களுக்குத் தெரியாதா? போய் அவுகளயே கேளுங்க." பிள்ளையின் கையைப் பிடித்து வகுப்பில் விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்குப் போனேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அய்யா கட்டிலில் படுத்திருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன். அம்மாவின் கையில் முறம் நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள்.

"வாசல இடிக்கச் சொல்லப் போறாகன்னு முன்னமே காதுக்கு வந்துருச்சு. கூட்டத்துக்கு முந்துன நாளு குழாயடியில பொம்பளைக நாங்க பதினோரு பேரும் அவளுமாக் கூடிப் பேசுனோம். பட்டா எழுதிக் குடுக்காம இடிக்கக் கூடாதுன்னு. யாரு கேக்குறதுன்னு பேச்சு வந்துச்சு. யாரு வாயத் தொறந்தாலும் வீட்டுல போயி அடி வாங்கணும். அவளுக்கு அடிக்கப் புருசன் இல்ல. அதனால நீ கேளு மதினின்னு நாங்கதான் அவளத் தூண்டி விட்டோம். நீ நில்லு, இடிக்க வந்தா நாங்க பதினோரு பேரும் வந்து ஒன் முன்னாடி நிக்கிறோம்னு சத்தியம் பண்ணோம். நாந்தான் அவ கையில அடிச்சு மொதல் சத்தியம் பண்ணேன்."

"பெறகு ஏம்மா வரல?"

"கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். ஒங்கய்யா கையில கடப்பாரையப் பாத்தேன். மத்தவளுக வரட்டும், பெறகு நாமளும் போவோம்னு நின்னேன். அவளுகளும் அப்படியே நின்னுருக்காளுக."

கட்டிலில் அய்யா எழுந்து உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகாவது அந்த மனுஷிக்காக ஒரு சொல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப நான் தலைவரா இருக்கையில என் முதுகுக்குப் பின்னாடி பொம்பளைக கூட்டம் போட்டீகளா?" என்றார்.

அம்மா வைத்த சோற்றைத் தொடாமல் எழுந்து வந்தேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது அழுகை வரவில்லை. இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. இப்போது இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அந்த வெறி மட்டும் இன்னும் போகவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் அம்மாவிடம் இன்னொன்றும் கேட்டிருந்தேன். பதினோரு பேர் யார் யார் என்று. விரலை மடக்கி, ஒவ்வொரு வீடாகச் சொன்னாள். ஒரு வீட்டையும் அவள் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. ஒற்றுமையைப் பற்றி இனிமேல் எழுதுகிறவர்கள் எனக்குப் போன் போட்டுக் கேளுங்கள். உங்கள் அம்மா எந்தக் கதவுக்குப் பின்னால் நின்றாள் என்று சொல்கிறேன்.